கஞ்சித் தண்ணியில்தான் புரை ஏறும்

புற்றுநோய்க்காகக் கழுத்தில் 'கரண்ட் வைத்து', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்து முடித்து, வீட்டுக்கு வருகிறவருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் நீட்டப்படுவது ஒரு கிண்ணம் கஞ்சி. சம்பா அரிசி, ஒரு பிடி பயறு, மேலே ரெண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணி. "மெல்ல ஒண்ணும் வேண்டாம், தானா எறங்கிரும்" என்பார்கள். சிகிச்சை நெய்யூரில் நடந்தாலும் சரி, திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மையத்தில் நடந்தாலும் சரி, கஞ்சி மட்டும் மாறாது. விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு அந்த வீட்டில் இதைவிடக் கஷ்டமான சாப்பாடு வேறு இருக்காது.

காரணம் எளிது. ஒரே வாய்க்குள் ரெண்டு பொருள் இருக்கிறது. பருக்கையை நாக்கு புரட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணி அதன் பாட்டுக்குப் பின்னால் ஓடிவிடும். தொண்டை இன்னும் கதவைச் சாத்தவில்லை. திறந்து கிடக்கிற மூச்சுக்குழாய்க்குள் அது போகும். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்: கெட்டியானதைவிடத் தண்ணிதான் ஆபத்து. வெறும் வெள்ளம் (குடிக்கிற தண்ணி), கட்டன் சாயா, கருப்பட்டிக் காப்பி, இளநீர், அக்கானி (பதநீர்) எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கழுத்து முன்னால் துருத்தி நிற்கிற குரல்வளை மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த முட்டு விருட்டென்று மேலேறி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் நடப்பது பெரிய காரியம். அண்ணத்தின் மெல்லிய பின்பகுதி எழும்பி மூக்கை அடைக்கிறது. நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய் கவளத்தைத் தள்ளுகிறது. குரல்வளை மேலும் முன்னுமாக ஏறி நாக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அதன் மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் சேர்ந்து அடைக்கின்றன, மூச்சு நிற்கிறது. குரல்வளை முன்னால் இழுபடுகிற அதே இழுப்பில்தான் உணவுக்குழாயின் வாயும் திறக்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் மூச்சை வெளியேதான் விடுகிறோம். வாசலில் ஒரு பருக்கை நின்றாலும் அந்தக் காற்று ஊதித் தள்ளிவிடும்.

கதிர்வீச்சு இதில் எங்கே கை வைக்கிறது? முழு சிகிச்சை என்றால் பொதுவாக 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு), தினம் ஒன்றாக 30 முதல் 35 தடவை, ஆறேழு வாரம். முதல் கட்டத்தில் வாய்ப்புண், எச்சில் வற்றுவது, பசை மாதிரி சளி. இது பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். எச்சில் மட்டும் பலருக்குப் பழையபடி திரும்புவதில்லை. பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தசை நார்நாராக இறுகும். கழுத்தைத் தொட்டால் பழைய தோல் செருப்பைத் தொடுகிற மாதிரி இருக்கும். இறுகிய தசை குரல்வளையை மேலே தூக்காது. தூக்காவிட்டால் மூடி சரியாகக் கவிழாது, உணவுக்குழாயின் வாயும் அரைகுறையாகத்தான் திறக்கும். நாக்கின் அடியில் இருக்கிற பள்ளத்திலும், குரல்வளைக்கு இருபக்கமும் உள்ள குழிகளிலும் சாப்பாடு தங்கும். சாப்பிட்டு முடித்து எழுந்து பேசும்போது, அல்லது படுக்கும்போது, அது மெல்ல வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிகிச்சை முடிந்து நாலைந்து வருடம் நன்றாகச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று சிக்கல் ஆரம்பிப்பதும் இதனால்தான். ஆனால் அப்படி ஆரம்பித்தால் "கரண்ட் வெச்சதோட வேலை" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நோய் திரும்பவில்லை என்று முதலில் டாக்டர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே பிழை என்பதை இருமல் வருகிற நேரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். வாயில் ஊற்றிய உடனே இருமல் என்றால் தண்ணி முந்திக்கொண்டு ஓடுகிறது. விழுங்கி ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, குரல் கொழகொழவென்று மாறி இருமினால் தொண்டையில் மிச்சம் தங்குகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுத்த பிறகு என்றால் வயிற்றிலிருந்து மேலே எதுக்களித்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளம் சுகமாக இறங்கி, சோறும் ஆப்பமும் மட்டும் நெஞ்சுக்கு மேலே அடைத்து நின்றால் அது வேறு கதை: உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட முடியும். இதை டாக்டரிடம் "விழுங்க முடியல" என்று மட்டும் சொன்னால் ரெண்டு நோய்க்கும் ஒரே வாக்கியம்தான். எது இறங்குகிறது, எது நிற்கிறது, எப்போது இருமல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இருமல் இல்லை என்றால் உள்ளே போகவில்லை என்று அர்த்தமில்லை.

இருமல் என்பது வாசல் காவல்காரன். கதிர்வீச்சும் அறுவைச் சிகிச்சையும் குரல்வளையின் உணர்ச்சி நரம்பையும் கெடுத்துவிடலாம். பிறகு தண்ணி நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் ஒரு செருமல்கூட வராது. "முதல்ல இருமிட்டே இருந்தாரு, இப்ப ஒண்ணும் இல்ல, சரியாயிட்டு" என்று வீட்டார் நிம்மதியடைகிற இடத்தில் சில சமயம் காவல்காரன் தூங்கியிருக்கிறான். இந்தச் சத்தமில்லாத புரையேறலுக்கு வெளியே தெரிகிற அடையாளம் கொஞ்சம்தான்: சாப்பிட்டதும் குரலில் ஈரம், நெஞ்சுக்குள் கொரகொரப்பு, சாயங்காலம் லேசாக அடிக்கிற காய்ச்சல், மஞ்சள் சளி, வருஷத்தில் ரெண்டு மூன்று தடவை நிமோனியா, காரணம் தெரியாமல் குறைகிற எடை, அரை மணி நேரத்தில் முடிந்த சாப்பாடு முக்கால் மணி நேரமாக இழுப்பது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளை தெரிந்தால் சந்தேகம் கூடும். வலது மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குவதால் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு விழுவது பெரும்பாலும் அங்கேதான். கொரோனாவுக்குப் பிறகு பல வீட்டிலும் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் இருக்கிறது. சாப்பிடும்போது அதை மாட்டி 97 காட்டுகிறதே என்று தைரியம் கொள்வதும் சரியில்லை. புரையேறலைக் கண்டுபிடிக்க அது நம்பத்தக்க கருவி அல்ல.

சத்தமில்லாமல் போவதைக் கண்ணால் பார்க்க ரெண்டு சோதனைதான் உண்டு. ஒன்று, பேரியம் கலந்த தண்ணியும் சாப்பாடும் கொடுத்து விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பது. இன்னொன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி மேலிருந்து பார்ப்பது. இதைச் செய்து, எந்தப் பதம், எந்த நிலை, எந்தப் பயிற்சி என்று சொல்கிறவர் ஸ்பீச் தெரபிஸ்ட். "பேச்சு நல்லாத்தானே இருக்கு, அங்க எதுக்கு?" என்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. பேசுகிற உறுப்பும் விழுங்குகிற உறுப்பும் ஒன்றுதான். போங்கள்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டுவோம், யாரோ நினைக்கிறார்கள் என்போம், ஒரு டம்ளர் வெள்ளத்தை நீட்டுவோம். நினைக்கிறவர் நினைக்கட்டும், வெள்ளத்தை மட்டும் நீட்டாதீர்கள். இருமுகிறவர் ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் ஆழமாக மூச்சை இழுக்கிறார். அந்த இழுப்பில் வாயில் உள்ளதெல்லாம் உள்ளே போகும். முன்னால் குனியச் சொல்லுங்கள், இருமி முடிக்கட்டும், பிறகு வாயில் எதுவும் இல்லாமல் ஒரு தடவை விழுங்கச் சொல்லுங்கள்.

இருமலின் பலத்தைப் பற்றிப் பேசும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை செய்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் நினைவுக்கு வராமல் போகாது. 1924-ல் எவரெஸ்டில் இறங்கும்போது, கடுங்குளிர்க் காற்றில் புண்ணாகி உரிந்த தொண்டைச் சவ்வு அவர் மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. பனியில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் நெஞ்சை அமுக்கி ஒரே மூச்சாக முக்கி இருமித் துப்பினார், பிழைத்தார். பலமான ஓர் இருமல் ஓர் உயிர். கரண்ட் வைத்த தொண்டைக்கு நாம் சேமித்து வைக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது நம் பழக்கம் ஒன்று: அண்ணாந்து குடிப்பது. உதடு படாமல் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொள்வது மரியாதை, சுத்தம், எல்லாம் சரி. ஆனால் தலை பின்னால் போகும்போது மூச்சுக்குழாயின் வாசல் அகலத் திறந்து, தண்ணி மேலிருந்து விழுகிறது. மாத்திரையைத் தொண்டைக்குள் எறிந்து தலையை உதறுவதும் அதே. உதட்டில் வைத்து, ஒவ்வொரு மிடறாக, மோவாய் கொஞ்சம் தாழ்ந்தபடி குடிக்க வேண்டும். சாதாரண டம்ளரில் கடைசிக் கால் பங்கைக் குடிக்கத் தலையை நிமிர்த்தியே ஆக வேண்டும், ஏனென்றால் விளிம்பு மூக்கில் இடிக்கும். ஒரு பேப்பர் கப்பை எடுத்து, மூக்கு வருகிற பக்கம் பிறை மாதிரி வெட்டிவிட்டால் தலையைத் தூக்காமலே அடிவரை குடிக்கலாம். ரெண்டு ரூபாய் வேலை. ஸ்ட்ராவும் அகலமான ஸ்பூனும் எல்லாருக்கும் ஒத்துவராது. ஒரே உறிஞ்சில் எவ்வளவு வருகிறது என்பதே பிரச்சினை. டீ ஸ்பூனில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 5 மில்லி, அதில் தொடங்குவது நல்லது.

தலையைத் தாழ்த்துவதே எல்லாருக்கும் மருந்து என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்கின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவருக்கு, சாப்பாட்டைப் பின்னால் தள்ள நாக்கே இல்லை. அவருக்கு மோவாயைத் தாழ்த்தினால் எல்லாம் முன்னால் வழிந்துவிடும். குரல்வளை நல்ல நிலையில் இருந்தால், தெரபிஸ்ட் அவருக்குத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கவே சொல்லித்தருவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு பக்கத் தொண்டை மட்டும் செயலிழந்தவருக்குத் தலையை அந்தப் பலவீனமான பக்கம் திருப்பி விழுங்கச் சொல்வார்கள். அந்தப் பக்கக் குழி மூடிக்கொள்ளும், சாப்பாடு நல்ல பக்கமாக இறங்கும். அதனால்தான் பக்கத்துப் படுக்கைக்காரர் செய்ததைப் பார்த்து நாமும் செய்வது உதவாது.

பதம் என்பதற்கு வருவோம். 'கொஞ்சம் கெட்டியா' என்றால் மார்த்தாண்டத்தில் ஒரு கெட்டி, நாகர்கோவிலில் ஒரு கெட்டி. உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை எண் வைத்திருக்கிறார்கள். 0 வெறும் தண்ணி, 4 கரண்டியில் நிற்கிற மசியல், 7 நம் வழக்கமான சாப்பாடு. தெரபிஸ்ட் "ரெண்டாம் நிலை" என்று சொன்னால் அதை வீட்டில் அளக்க மெடிக்கல் கடையில் கிடைக்கிற 10 மில்லி சிரிஞ்ச் போதும். சிரிஞ்சில் 0-விலிருந்து 10 வரை உள்ள கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி குழாயின் தடிமன் மாறும், அப்போது கணக்கும் தப்பும். ஊசியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டையும் உருவி எடுத்துவிடுங்கள். நுனியை விரலால் அடைத்து, 10 வரை பானத்தை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 வினாடி எண்ணி மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் கீழே என்றால் அது 0. 1 முதல் 4 வரை நின்றால் 1. 4 முதல் 8 வரை என்றால் 2. 8-க்கு மேல் நின்று இன்னும் சொட்டினால் 3. ஒரு சொட்டும் விழவில்லை என்றால் 4, அதற்குச் சிரிஞ்ச் வேண்டாம், கரண்டி போதும்: கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று ஒரே கட்டியாக விழ வேண்டும், கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

கொடுக்கிற சூட்டிலேயே அளக்க வேண்டும் என்பதுதான் பலரும் விடுகிற இடம். கூவைக்கிழங்கு மாவு நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது, குழந்தைக்கும் நோயாளிக்கும் காய்ச்சுவது வழக்கம். ஒரு டம்ளர், 200 மில்லி வெள்ளத்துக்கு ஒரு டீ ஸ்பூனில் தொடங்குங்கள். பச்சை வெள்ளத்தில் கரைத்துப் பிறகு கிளறிக் கொதிக்க விட வேண்டும். சுடுவெள்ளத்தில் நேரே போட்டால் கட்டி தட்டும், அந்தக் கட்டி தொண்டையில் நிற்கும். அடுப்பில் தண்ணியாகத் தெரிவது ஆறினதும் இறுகும். அதோடு மாவுப் பொருளை எச்சில் கரைக்கும். ஸ்பூனை நக்கி நக்கி அதே கிண்ணத்தில் விட்டால், கடைசியில் கிண்ணம் தண்ணியாகிவிடும். எச்சில் பட்ட ஸ்பூனுக்கு ஒரு சின்னக் கிண்ணம், மிச்சத்துக்கு வேறு கிண்ணம். கடையில் விற்கிற சாந்தன் பசை வகைப் பொடிகள் எச்சிலில் இளகுவதில்லை, நேரமானாலும் பெரிதாக மாறாது, ஆனால் விலை அதிகம். ரெண்டில் எதுவானாலும் சொன்ன எண்ணுக்கு மேல் கெட்டியாக்காதீர்கள். அதிகக் கெட்டி தொண்டைக் குழியில் தங்கும், கூடவே தாகமும் தீராது.

இனி அடுப்படி. கஞ்சியை விடவே முடியாது என்றால் பருக்கையோடு மிக்சியில் அடித்து, வடிகட்டி, ஒரே பதமாக்கிக் கொடுக்கலாம். பயறின் தோல் வடியில் நிற்க வேண்டும். தேங்காய்ப்பால் கொஞ்சம் சேர்த்தால் வழுக்கும், கலோரியும் கூடும். ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழத்தை) அவித்து, நடுவில் இருக்கிற கறுத்த நரம்பை உருவிவிட்டு, பாலில் மசித்தால் நாலாம் நிலைக்குப் பொருத்தமான சாப்பாடு. மட்டிப்பழமும் மென்மைதான். மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கில்) ரெண்டு சிக்கல். நடுவில் இருக்கிற நார், அதை எடுக்க வேண்டும். இன்னொன்று, அதிகம் மிக்சியில் ஓட்டினால் பசையாகி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். சூடாக, கையால் மசித்து, மீன்கறிச் சாறு தாராளமாகக் குழைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆறினால் இறுகிவிடும், அப்போது வேண்டாம். மீனில் சாளையும் நெத்தோலியும் முள்ளுக்குப் பயந்து விட வேண்டியவை. நெய்மீன் வெந்ததும் நடுமுள் முழுதாக வந்துவிடும், சதையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்து, கறிச்சாறோடு அரைக்கலாம். அவியலைப் பொடிசாக நறுக்கினால் போதாது. ஐந்தாம் நிலை என்றால் துண்டு 4 மில்லிமீட்டர், சாதாரண முள்கரண்டியின் ரெண்டு பல்லுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஆறாம் நிலை என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை, முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும்.

புட்டு கூடாது. வறண்டு உதிர்வது எதுவும், பொரியும் முறுக்கும் கடலையும், எச்சில் இல்லாத வாயில் மணல். தேங்காய்த் துருவல் பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும், துவரனிலும் சட்னியிலும் ஒளிந்திருந்து நாக்கடிப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். தீயலில் வறுத்து நன்றாக அரைத்ததாக இருந்தால் பிரச்சினையில்லை. நுங்கு, தர்ப்பூசணி, ஆரஞ்சு எல்லாம் கடித்ததும் தண்ணியாகப் பிரியும், கஞ்சியின் கதைதான். ஐஸ்கிரீமும் வாயில் உருகினால் தண்ணிப் பதம்தான், குளிர்ச்சி சுகமாக இருக்கிறது என்பதால் ஏமாற வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வறண்ட வாய்க்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கொப்பளிப்பது பலர் சொல்கிற யோசனை. புரையேறுகிறவர் அதைச் செய்யக் கூடாது. எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கி இறங்கும். நுரையீரலில் போன எண்ணெயை உடம்பு வெளியேற்றச் சிரமப்படும், தனி வகை நிமோனியா வரும். உதட்டில் தடவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாய்க்கு உகந்தது: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் வெள்ளத்தில் ஒரு டீ ஸ்பூன் உப்பு, ஒரு டீ ஸ்பூன் ஆப்ப சோடா. தினம் புதிதாகக் கலந்து, முன்னால் குனிந்து வாயில் அலசித் துப்ப வேண்டும். அண்ணாந்து 'கர்கர்' என்று தொண்டையில் உருட்டக் கூடாது. அலசத் தெரியாத அளவுக்குப் பலவீனம் என்றால், நனைத்துப் பிழிந்த துணியால் வாயைத் துடைத்துவிடலாம்.

வாய் சுத்தத்தை ஏதோ ஒழுக்க உபதேசம் என்று தள்ளிவிடாதீர்கள். நுரையீரலைக் கெடுப்பது உள்ளே போகிற சாப்பாட்டைவிட, அதோடு போகிற கிருமி. அழுக்கான வாயிலிருந்து ஒரு சொட்டு எச்சில், சுத்தமான வாயிலிருந்து ஒரு மிடறு வெள்ளத்தைவிட மோசம். இதை வைத்தேதான் சிலருக்கு, தெரபிஸ்ட் சம்மதித்தால், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, பல் விளக்கி, வெறும் வெள்ளம் சிறு சிறு மிடறாகக் குடிக்க அனுமதி உண்டு. அதோடு சாப்பாடோ மாத்திரையோ சேர்க்கக் கூடாது. பல் பிடுங்க வேண்டி வந்தால் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியதைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சிகிச்சை பெற்ற தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு.

பயிற்சி. கரண்ட் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்து, நடுவில் வலிக்கிற வாரங்களிலும் முடிந்த அளவு விடாமல் செய்வதுதான் பலன் தருவது. சாப்பாடு கொடுக்க மூக்கில் குழாய் இருந்தாலும் அனுமதித்த அளவு ஸ்பூன்கணக்கில் வாயால் விழுங்கிக்கொண்டிருங்கள், விழுங்காத தொண்டை மறந்துவிடும். கடினமாக விழுங்குவது: நாக்கை அண்ணத்தில் அழுத்தி, ஒரு பெரிய மாத்திரையை விழுங்குவது போலக் கழுத்துத் தசையெல்லாம் இறுக்கி எச்சிலை விழுங்க வேண்டும். நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே மெல்லப் பிடித்துக்கொண்டு விழுங்குவது இன்னொன்று. இதை வெறும் எச்சிலோடு மட்டும், சாப்பாட்டோடு ஒருநாளும் இல்லை. குரல்வளை மேலே ஏறினதும் விரலால் உணர்ந்து, இறங்கவிடாமல் ரெண்டு வினாடி அங்கேயே பிடித்து நிறுத்துவது மூன்றாவது. மல்லாந்து படுத்து, தோள் தரையில் இருக்க, தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது ஒரு பயிற்சி: ஒரு நிமிடம் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று தடவை, பிறகு 30 தடவை தூக்கி இறக்குவது. கழுத்து எலும்பில் தேய்மானமோ கழுத்தில் மூச்சுத்துளையோ உள்ளவருக்கு இது ஆகாது. அவர்களுக்கு மோவாய்க்கு அடியில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்துகிற வகை இருக்கிறது, அதுவும் கேட்டுத்தான்.

விழுங்கும்போதே மூச்சுக்குழாயைக் காக்கிற முறை ஒன்று, படிப்படியாக: மூச்சை இழுங்கள், பிடியுங்கள், பிடித்தபடியே விழுங்குங்கள், விழுங்கியதும் மூச்சை இழுக்காமல் உடனே இருமுங்கள், உடனே இன்னொரு தடவை விழுங்குங்கள். பிழை வருவது நாலாவது படியில். விழுங்கினதும் அறியாமல் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பிறகு இருமுவார்கள். வாசலில் நின்றதெல்லாம் அந்த இழுப்பில் போய்விட்டது, இனி இருமி என்ன? சாப்பாடு இல்லாமல் பத்து தடவை பழகிப் பிறகு சாப்பாட்டோடு. இதய நோய் உள்ளவர் மூச்சைப் பிடிக்கும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வாய் திறப்பது குறைந்தால் எல்லாம் குறையும். தன் கையின் மூன்று விரல், ஒன்றின் மேல் ஒன்றாக, பல்லுக்கு நடுவே நுழைகிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி நடுவில் வைத்து ஏழு வினாடி, ஏழு தடவை, நாளுக்கு ஏழு வேளை. இழுவை தெரிய வேண்டும், குத்துகிற வலி கூடாது. வாரத்துக்கு ஒரு குச்சி கூடினாலே நல்ல முன்னேற்றம். மோவாய்க்குக் கீழே காலையில் பை போல வீக்கம் வந்தால் அது நிணநீர் தேக்கம். உள்ளேயும் அதே வீக்கம் இருக்கும், விழுங்குவதை அதுவும் கெடுக்கும். தடவி வடியவிட முறை இருக்கிறது, தெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம்.

மூக்குக் குழாய் இருப்பதால் புரையேறாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எச்சில் வாயில் ஊறத்தான் செய்கிறது, வயிற்றிலிருந்து எதுக்களிப்பதும் வரத்தான் செய்கிறது. குழாயில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. 200 முதல் 250 மில்லியை 20, 30 நிமிடத்தில் தானாக இறங்கவிட வேண்டும், சிரிஞ்சின் தண்டால் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி வெள்ளம். மூக்கோரம் குழாயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, ஒவ்வொரு தடவையும் கோடு அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் கொடுக்காதீர்கள். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பது பழைய முறை, நம்பக் கூடாது. மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்துக்கடையில் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். வயிற்றில் துளையிட்டு வைத்த சாப்பாட்டுக் குழாய் கழன்று வந்துவிட்டால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

குரல்வளையை முழுதாக எடுத்தவர்களுக்கு மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போகிறது, சாப்பாட்டு வழியோடு சம்பந்தமே இல்லை. சாதாரணமாக அவர்களுக்குப் புரையேறாது. ஆனால் பேசுவதற்கு வால்வு வைத்திருந்தால் அதன் வழி ஒழுகலாம். நிறமுள்ள ஜூஸ் ஒரு வாய் கொடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் நடுவில் சொட்டினால் வால்வு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். விளிம்பைச் சுற்றிச் சொட்டினால் துளை பெரிதாகிவிட்டது, அது வேறு வைத்தியம். அவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டால் வாயில் ஊதிப் பயனில்லை, கழுத்துத் துளையில்தான் ஊத வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அடைத்தால்: இருமலும் சத்தமும் வந்தால் இருமவிடுங்கள். சத்தமே இல்லை, கழுத்தைப் பிடிக்கிறார், முகம் நீலம் பாய்கிறது என்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து ஓங்கிய அடி. போகவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையைக் கோத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. மாறி மாறி. இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சாப்பிடும் நேரத்தில் டிவி சீரியல் வேண்டாம், பேச்சும் வேண்டாம், கேள்வி கேட்டுப் பதில் வாங்கவும் வேண்டாம். ஆர்சிசியில் இருந்து திரும்புகிற பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்போது வாங்கின சாயாவை குலுங்கிக்கொண்டே குடிப்பதும் வேண்டாம், இறங்கி உட்கார்ந்து குடிக்கலாம். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்காமல். வாயில் மிச்சம் இருக்கிறதா என்று டார்ச் வைத்துக் கன்னத்தின் இருபக்கமும் பாருங்கள், கன்னப் பையில் ஒரு பருக்கை தங்கினாலும் அது இரவில் இறங்கும்.

அடுத்த தடவை தெரபிஸ்டிடம் போகும்போது ஒரு சாப்பாட்டை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டில், கழுத்து தெரிகிற மாதிரி, ரெண்டு நிமிடம் போதும். சட்டைக் காலரைத் தாழ்த்திவிடுங்கள், குரல்வளை ஏறி இறங்குவது தெரிய வேண்டும். சாப்பிட்டதும் "ஆ" என்று ஐந்து வினாடி இழுக்கச் சொல்லி அந்தக் குரலையும் பதிவில் விடுங்கள்.